கை நனைக்காமல்

மாயவரத்தை அடுத்த குத்தாலத்துக்குத் தெற்கே உள்ள அந்தச் சிற்றூரில் பஞ்சநதம் வீட்டார் ஊர் சுற்றிப் பார்க்கப் போனதாக யாருக்கும் நினைவில்லை. கோயில், கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி. இந்த நாலைத் தவிர வேறெதற்கும் அவர் வண்டி வைத்ததில்லை. அப்படிப்பட்டவர், குறுவை அறுப்பு முடிந்த கையோடு எதிர்வீட்டுக்கு வலியப் போய், "கடலைப் பாக்கப் போறோம். மனோரா, அலையாத்திக்காடு எல்லாம் பாத்துட்டு ராத்திரிக்குள்ள வந்துடுவோம்" என்று சொன்னால் எதிர்வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? "ஓகோ" என்றார். அந்த ஓகோ காதில் விழுந்ததிலிருந்து அவர் மனைவி நாகம்மாள் எதிர்வீட்டு வாசலைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

சுற்றிப் பார்ப்பதெல்லாம் ஊருக்குச் சொன்ன சேதி. உண்மையில் அவர்கள் போனது ஒரு வீட்டுக்கு.

அவர்களுடைய இளைய மகள் வானதி கடலோரத்தில் உதவி வேளாண்மை அலுவலர். போன மழையில் பயிர்ச்சேதம் கணக்கெடுக்கப் போன இடத்தில், செத்த மாடுகளைக் கணக்கெடுக்க வந்த கால்நடை மருத்துவர் பகலவனோடு பழக்கமானது. மற்றவர்களுக்கு அந்த மழையில் போனதுதான் மிச்சம். இவள் ஒரு மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டாள். தை மாதம் வீட்டில் சொன்னாள். பஞ்சநதம் கத்தவில்லை, அடிக்கவில்லை. ரொம்ப நாள் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவங்க பூர்வீகம் எந்தத் தெரு?" மகள் மறைக்காமல் சொன்னாள். அவர் போனை வைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் சாதியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவு நாகரிகம் வந்துவிட்டது. தெருவைத்தான் கேட்பார்கள்.

ஆவணியில் வானதி முடிவாகச் சொல்லிவிட்டாள். ஐப்பசியில் பதிவுத் திருமணம். அதற்கு முன்னால் அப்பாவும் அம்மாவும் ஒரு தடவை அவர்கள் வீட்டுக்கு வந்து உட்கார வேண்டும். பிடித்தால் நடத்திவையுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள். ஆனால் அந்த மனுஷர்களை மனுஷர்களாக மதித்து ஒரு தடவைகூட வரவில்லை என்றால், அதற்குப் பிறகு நானும் நம் வீட்டுப் படி ஏற மாட்டேன். அவள் சொன்னதைச் செய்கிறவள். அப்பனைக் கொண்டு பிறந்தவள். நாகம்மாளுக்கு மகள் யாரைக் கட்டுகிறாள் என்ற கவலையெல்லாம் அன்றோடு இரண்டாம்பட்சமாகிப் போனது. மகள் இல்லாமல் போய்விடுவாளே என்ற பயம் ஒன்றுதான் மிச்சம்.

மாயவரத்திலிருந்து முகம் தெரியாத டிரைவராகப் பார்த்து வண்டி பேசினார் பஞ்சநதம். மன்னார்குடி தாண்டியதும் கண்ணாடி வழியாக வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அங்க கை நனைக்கக் கூடாது, தெரியும்ல?"

"தெரியும்."

"தண்ணிகூட வேணாம். முடிவு சொல்றதுக்கு முன்னாடி கை நனைச்சா சம்மதம்னு அர்த்தம். எந்த வீடா இருந்தாலும் முறை அதுதான். நம்ம ஷோபனாவுக்குப் பாக்கப் போனப்பவும் அப்படித்தானே வந்தோம்?"

"ஆமாங்க."

உண்மைதான். பெரிய மகள் ஷோபனாவுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது காபியைக்கூடத் தொடாமல் எழுந்து வந்தார்கள். அந்த வீட்டாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. முறை தெரிந்த குடும்பம் என்று பெருமையாகவே பேசிக்கொண்டார்கள். பெண் கொடுப்பவர்கள் பதில் சொல்லும்வரை பச்சைத்தண்ணீர் குடிக்க மாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இப்போது அந்த முறை நல்ல நேரத்தில் கைகொடுத்தது என்று நாகம்மாளுக்கு ஒரு நிம்மதி வந்தது. நிம்மதி வந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

பட்டுக்கோட்டையில் வானதி ஏறிக்கொண்டாள். முதலில் மனோராவுக்கே போனார்கள், ஊருக்குச் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதல்லவா. எங்கேயோ தூரதேசத்தில் யாரோ யாரையோ தோற்கடித்ததற்காகத் தஞ்சாவூர் ராஜா இங்கே கடலோரத்தில் கட்டிவைத்த கோபுரம். அடுக்கடுக்காக மேலே போனது. அதற்கு அப்பால் கடல். நாகம்மாள் வேளாங்கண்ணியில் பார்த்த கடலை நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். இங்கே அலையே இல்லை. பெரிய ஏரி மாதிரி சத்தமில்லாமல் கிடந்தது.

"அந்தப் பக்கமா நில்லு. கோபுரம் தெரியணும்" என்று பஞ்சநதம் மனைவியை நிறுத்திப் போட்டோ எடுத்தார். "கொஞ்சம் சிரியேன்."

சிரித்தாள். அந்தப் போட்டோவைப் பிற்பாடு பார்த்தவர்கள் பல்வலியா என்று கேட்டார்கள்.

அங்கேதான் பகலவன் வந்து சேர்ந்தான். பைக்கை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மாநிறம், ஒடிசலான உடம்பு, தூங்காத கண்.

"வாங்க சார். வாங்கம்மா. வழி சுலபமா இருந்துச்சா? மத்தியானம் அலையாத்திக்காட்டுக்குப் படகு சொல்லியிருக்கேன்."

மாமா என்றோ அத்தை என்றோ கூப்பிடவில்லை. தன் அளவு தெரிந்து நிற்கிறான் என்று நாகம்மாளுக்குப் பட்டது. அவனை அப்படி நிற்க வைத்தது யார் என்று யோசித்தபோது அது அவ்வளவு நன்றாக இல்லை.

வீடு அதிராம்பட்டினம் தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்தது. மாடி எடுக்காத தளம் போட்ட வீடு. புதிதாக வெள்ளையடித்த வாசனை இன்னும் போகவில்லை. இவர்களுக்காகத்தான் அடித்திருக்க வேண்டும். பகலவனின் அப்பா கோவிந்தராசு தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டையில் வாசலுக்கே வந்து கும்பிட்டார். அம்மா அம்சம் மேசைமேல் இலைகளை விரித்து வைத்திருந்தாள். புரட்டாசி சனிக்கிழமை என்று கவுச்சி இல்லாமல், சாம்பார், வாழைக்காய் வறுவல், கூட்டு, அப்பளம், பாயசம். வானதியிடம் கேட்டுக் கேட்டுச் செய்த சமையல் என்பது மணத்திலேயே தெரிந்தது.

பஞ்சநதம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மழையைப் பற்றி, நெல் கொள்முதலைப் பற்றி, தென்னையில் விழுந்த பூச்சியைப் பற்றி ஆண்கள் பேசினார்கள். பேச்சு தீர்ந்துபோனது. அம்சம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சாப்பிட வாங்க. நேரமாயிடுச்சு."

பஞ்சநதம் கைகூப்பினார். "மன்னிக்கணும். ஒரு முறைன்னு இருக்குல்லங்களா. முடிவு சொல்லாம கை நனைக்கறதில்ல."

கோவிந்தராசு மெல்லச் சிரித்தார்.

"முறை தெரியும் சார். எங்க அப்பா காலத்துலேருந்து பாத்துக்கிட்டுதான இருக்கோம். உங்க மாதிரிப் பெரியவங்க எங்க வீட்டுல தண்ணி குடிச்சதே இல்லையே."

பஞ்சநதத்தின் முகம் கறுத்தது. "ஐயய்ய, அது வேற, இது வேற. நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க. எங்க பெரிய பொண்ணுக்குப் பாக்கப் போனப்பவும் இதேதான். கேட்டுப் பாருங்க. சொல்லு நாகு."

"ஆமாங்க, எல்லா எடத்துலயும் அப்படித்தான்" என்றாள் நாகம்மாள்.

அவள் சொன்னது சத்தியம். ஆனால் ஷோபனாவின் மாமனார் வீட்டில் அவர் எப்படி எழுந்தார் என்பதும் அவளுக்கு நினைவிருந்தது. சம்பந்தி தோளில் தட்டி, "அடுத்த தடவை வந்தா பந்தியை விட்டு எந்திரிக்கவே மாட்டோம்" என்று சிரித்துவிட்டு வந்தார். இங்கே அந்த அடுத்த தடவை அவர் வாயில் வரவில்லை. அது வேறு, இது வேறு என்கிறாரே, இரண்டும் எங்கே பிரிகிறது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கேட்கிற தைரியம் நாகம்மாளுக்கும் இல்லை.

வானதி எழுந்தாள். யாரையும் பார்க்கவில்லை. மேசைக்குப் போய் முதல் இலையில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்தாள்.

"எனக்குப் போடுங்கம்மா."

அம்சம் தயங்கிவிட்டுப் பரிமாறினாள். நாலு இலை வெறுமையாகக் கிடக்க, பெற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் சோற்றைப் பிசைந்து அவசரமில்லாமல் சாப்பிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நாகம்மாள் தாங்கியிருப்பாள். பஞ்சநதம் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் இலையை மடித்துவிட்டு வந்ததும் பஞ்சநதம் எழுந்தார். "அப்ப நாங்க கெளம்பறோம்."

இப்போது கிளம்பினால் இவள் வண்டியில் ஏற மாட்டாள், இனி எப்போதும் ஏற மாட்டாள் என்று நாகம்மாளுக்குத் தெரிந்தது. வாயில் வந்ததைச் சொன்னாள். "அலையாத்திக்காடு பாக்கணும்னீங்களே. படகு சொல்லியிருக்குன்னு தம்பி சொன்னுச்சு. வந்ததுதான் வந்தோம், பாத்துட்டே போவோம்."

பஞ்சநதம் அவளை முறைத்தார். பிறர் வீட்டில் வைத்து மறுத்துப் பேச முடியவில்லை. கோவிந்தராசு வெயில் ஒத்துக்கொள்ளாது என்று வீட்டிலேயே நின்றுவிட்டார். வெயில் ஒத்துக்கொள்ளாதவர் தபால்காரராக எப்படிக் காலம் தள்ளினார் என்று யாரும் கேட்கவில்லை. அம்சம் மட்டும் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

முத்துப்பேட்டைப் பக்கம் கோரையாற்றுத் துறையில் மீரா சாகிப் படகோடு காத்திருந்தார். வயதானவர், கைலியை மடித்துக் கட்டியிருந்தார். "டாக்டர் தம்பி, நேரம் கழிச்சு வந்துட்டீங்களே. தண்ணி வத்துற நேரம்" என்றார். ஏறிக்கொண்டார்கள். நாகம்மாளின் தண்ணீர் பாட்டிலும் வழிக்கு எடுத்துவந்த முறுக்கும் வண்டியிலேயே கிடந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பட்டுக்கோட்டை ஓட்டல் என்பதுதான் கிளம்பும்போது போட்ட திட்டம்.

ஆறு அகன்று காட்டுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் சேற்றில் வேரூன்றி நெருக்கிக்கொண்டு நின்றன. சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் மூச்சுவேர்கள் முளை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. வெள்ளைக் கொக்குகள் படகுச் சத்தத்துக்கு எழுந்து, அதே மரத்தில் மறுபடி உட்கார்ந்தன. நல்ல நாளாக இருந்தால் நாகம்மாள் வாய்பிளந்து பார்த்திருப்பாள். வானதி படகின் முன்கோடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பகலவன் மரங்களின் பேரைச் சொல்லிக்கொண்டு வந்தான். கேட்பார் இல்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான்.

ஆறு கடலோரக் காயலாக விரிகிற இடத்தில் படகு தரை தட்டியது. மீரா சாகிப் கழியை ஊன்றித் தள்ளினார். பகலவன் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கித் தொடை வரை புதைந்து தள்ளினான். படகு அசையவில்லை.

"ஏறுங்க தம்பி. தண்ணி திரும்பி ஏறுனாத்தான் நவுரும்" என்று சொல்லிவிட்டு மீரா சாகிப் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார்.

வெயில் உச்சந்தலையில் இறங்கியது. நாகம்மாளுக்குச் சர்க்கரை இருந்தது. காலையில் மாத்திரை போட்டு இரண்டு இட்லி தின்றதுதான். முதலில் கொட்டாவி வந்தது. அப்புறம் கை லேசாக நடுங்கியது. வெயிலில் உட்கார்ந்திருந்தும் உள்ளங்கை சில்லிட்டு வேர்த்தது. சொல்லலாமா என்று கணவரைப் பார்த்தாள். அவரும் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு கூடையைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொண்டாள். எதிரே இருந்த மரங்கள் இரண்டு இரண்டாகத் தெரிய ஆரம்பித்தன.

அம்சம்தான் கண்டுபிடித்தாள். சட்டென்று நகர்ந்து வந்து அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"யக்கா, இங்க பாருங்க. சக்கரையா உங்களுக்கு? எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும். ஏம்மா வானதி, இங்க புடி இவங்கள."

கூடையிலிருந்து டிபன் கேரியரை எடுத்தாள். வீட்டில் வானதியைத் தவிர யாரும் தொடாத சாப்பாட்டை அப்படியே அடுக்கி எடுத்து வந்திருந்தாள். பாயசத்தை டம்ளரில் ஊற்றினாள். நாகம்மாளால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. ஆனாலும் அந்த நிலையிலும் அவள் கண் கணவரிடம்தான் போனது. பஞ்சநதத்துக்கு முகம் வெளுத்துப் போயிருந்தது.

"குடி நாகு, குடி. என்னையப் பாக்காத, குடி."

அம்சம் டம்ளரை அவள் வாயில் வைத்தாள். பாயசம் உள்ளே இறங்கியது. இன்னொரு டம்ளர். நடுக்கம் நின்று, மரங்கள் ஒற்றையாகத் திரும்பிவர நேரம் பிடித்தது. வானதி அம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள். மகள் தொட்டு எத்தனை மாதமாயிற்று என்று நினைத்தபோது நாகம்மாளுக்குக் கண் நிறைந்தது.

பஞ்சநதம் பெருமூச்சு விட்டார். நல்ல மனுஷர்தான், கண்கூடத் துளிர்த்திருந்தது. அம்சத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

"பெரிய உதவிம்மா. மறக்க மாட்டேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "உடம்புக்கு முடியாதப்ப குடிச்சது மருந்து மாதிரி. இது கணக்குல வராது. கை நனைச்சதா ஆகாது. அதையும் சொல்லிடறேன், நீங்களும் தப்பா நெனைக்கக் கூடாதுல்ல."

டம்ளரைக் கழுவப் போன அம்சம் அப்படியே நின்றாள். பகலவன் காலில் காய்ந்த சேற்றைச் சுரண்டத் தொடங்கினான். நாகம்மாளைப் பிடித்திருந்த வானதியின் கை மெல்லத் தளர்ந்தது. அந்தக் கை விலகுவதை நாகம்மாள் தோளில் உணர்ந்தாள். இதோ போகிறாள், என் மகள் போகிறாள் என்று உள்ளே ஒன்று கூவியது.

"வரும்" என்றாள்.

"என்னது?"

"கணக்குல வரும்ங்க."

பஞ்சநதத்துக்கு விளங்கவில்லை, அல்லது விளங்காத மாதிரி இருந்தார். நாகம்மாள் அம்சத்தின் பக்கம் திரும்பினாள்.

"சோறு இருக்குங்களா?"

"இருக்கு. ஆறிப்போச்சு."

"பரவால்ல. போடுங்க."

அம்சம் கேரியரின் மூடியிலேயே சோற்றை வைத்துச் சாம்பார் ஊற்றினாள். நாகம்மாள் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு பிசைந்தாள். முதல் கவளத்தை வாயில் வைத்தாள். கணவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் கை நின்றுவிடும்.

இதைக் கண்டு அம்சம் குளிர்ந்துபோனாள் என்று சொன்னால் அது பொய். அவள் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. வாழைக்காய் வறுவலை எடுத்து ஓரமாக வைத்தாள். ரொம்ப நேரம் யோசித்து வைத்திருந்ததைக் கேட்பவள்போல் கேட்டாள்.

"அப்ப நாங்களும் உங்க வீட்டுக்கு ஒரு தடவ வரணும்ல, முறைப்படி?"

"ஆமா. வரணும்."

"எங்க மாமியா உங்க பக்கந்தான் நடவுக்கு வருவாங்களாம். பெரிய வீடுங்கள்ல கொல்லப் பக்கமாத்தான் போவணுமாம், கஞ்சியும் அங்கதான் ஊத்துவாங்களாம். இப்ப எப்படின்னு எனக்குத் தெரியாது. அதான் கேட்டுக்கறேன். நாங்க எந்தப் பக்கமா வரணும்?"

குத்தலாகக் கேட்கவில்லை, வழி கேட்பவளைப்போலத்தான் கேட்டாள். அதனால்தான் நாகம்மாளுக்குச் சுருக்கென்று தைத்தது. எதிர்வீடு கண்ணுக்கு முன் வந்தது. பங்காளிகள் வந்தார்கள். பெரிய மகளின் மாமியார் வந்தாள், அந்த அம்மா இனி ஷோபனாவை என்னென்ன சொல்லிக் குத்துவாள் என்பதும் வந்தது. தெருவே சன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, இந்தத் தபால்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு கோலத்தை மிதிக்காமல் நடந்து வருவதும் தெரிந்தது. பயமாக இருந்தது. மகளுக்காக ஒரு வாய் சோறு தின்றால் போதும் என்று நினைத்திருந்தாள். அதோடு முடிகிற காரியமில்லை இது.

"வாசப்பக்கமாத்தான் வாங்க" என்றாள். "ரெண்டு பேரும் வாங்க. கூடத்துல எல போடறேன்."

மீரா சாகிப் துண்டை விலக்கி ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டார். பஞ்சநதம் பேசியபோது குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லல நாகு."

"நான் சொல்லிட்டேங்க."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொன்னதில்லை அவள். அவர் காயலின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். காலைப் பலகாரத்துக்குப் பிறகு அவரும் ஒன்றும் சாப்பிடவில்லை. அந்த நினைப்பு வந்ததும் சோறு நெஞ்சில் அடைத்தது. வானதி தண்ணீரை நீட்டினாள். நாகம்மாள் அதை வாங்கிக் குடித்துவிட்டு, மூடியில் இருந்த மிச்சச் சோற்றையும் ஒரு பருக்கை விடாமல் தின்றாள்.